வாத்தியாரைப் பிடித்தால் பாடம் பிடிக்கும்

செப்டம்பர் 5 வந்தால் பள்ளிக்கூடங்களில் டாக்டர் ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை போடுகிறார்கள். பிள்ளைகள் ஆசிரியர்களுக்குப் பேனாவும் ரோஜாப்பூவும் கொடுக்கிறார்கள். 1888-இல் அவர் பிறந்தது நம் திருத்தணியில் என்பது இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1962-இல் குடியரசுத் தலைவரானபோது, பிறந்த நாளைக் கொண்டாட வந்தவர்களிடம் அதை ஆசிரியர் தினமாகக் கொண்டாடச் சொன்னார் என்பதும் தெரியும். ஆனால் அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் அவர் மனத்தில் எதைப் போட்டார்கள் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. அதில் பாதி நல்லது, பாதி முள். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு பிள்ளைக்குக் கணக்குப் பிடிக்கவில்லை என்றால், பெரும்பாலும் கணக்கு வாத்தியாரைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அரசாங்கக் கணக்கில் இதற்கு என்றைக்கும் இடம் இருந்ததில்லை. நான் கோப்புகளோடு காலம் தள்ளியவன். பள்ளி என்றால் பதிவேட்டில் எத்தனை தலை, எத்தனை ஆசிரியர், எத்தனை பேர் தேர்ச்சி என்பதற்குக் கட்டம் உண்டு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வர ஆசையா, பயமா என்பதற்குக் கட்டம் கிடையாது. அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, நம் பக்கத்துச் சரித்திரத்தை இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிப் பார்ப்போம்.

1822-இல் சென்னை ராஜதானியின் கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுத்து அனுப்பச் சொன்னார். கலெக்டர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் மொத்தக் கணக்கு இருக்கிறது: பள்ளிக்கூடங்கள் 12,498, மாணவர்கள் 1,88,650, மக்கள்தொகை 1,28,50,941. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி, ஒரு பள்ளிக்குப் பதினைந்து பிள்ளைகள். எல்லாம் திண்ணைப் பள்ளிகள். ஆசிரியருக்கு மாதம் ஆறு, ஏழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை என்றும், அந்த வரும்படிக்குத் தகுதியானவர்கள் எப்படி வருவார்கள் என்றும் மன்றோ எழுதியிருக்கிறார்.

கலெக்டர்கள் அனுப்பியவற்றில் பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823-இல் எழுதியது மட்டும் வெறும் எண்ணிக்கையாக இல்லை. பள்ளிக்குள்ளே என்ன நடந்தது என்பதையும் அவர் எழுதினார். காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். அது அவனுக்கு மரியாதை. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுன்னம். அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாவது பையனுக்கு லேசாக ஒரு பிரம்படி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு வருபவர்களுக்கு ஒவ்வொன்று கூடுதலாக. பதினைந்தாவதாக வருகிற பையனின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவன் வீட்டில் அம்மாவுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அவனுக்கு நாள் தொடங்குவதே அடியில்தான். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் இதோடு கோதண்டமும் உண்டு. உத்தரத்தில் கயிறு கட்டிப் பையனைத் தொங்கவிடுவது. நம் தாத்தாக்கள் சிரித்துக்கொண்டேதான் இதைச் சொல்வார்கள். ஆனால் சிரித்துச் சொன்னவர்கள் படித்துத் தேறியவர்கள். கோதண்டத்துக்குப் பயந்து மாடு மேய்க்கப் போனவர்கள் கதை சொல்ல வரவில்லை.

ஆனால் அதே திண்ணைப் பள்ளியிலிருந்துதான் உலகம் ஒரு நல்ல பாடத்தையும் எடுத்துக்கொண்டது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளியை நடத்தினார். அங்கே சம்பளத்துக்கு இருந்த உதவி ஆசிரியர்கள் சலிப்போடு கடமைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளும் சலிப்போடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் 'மலபார்' பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிப் பழகுவதை பெல் பார்த்தார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபார் என்றே எழுதினார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்து, சின்ன வகுப்புக்கு மணலில் எழுதச் சொல்லிக்கொடுங்கள் என்றார். முடியாது என்று விட்டார் ஆசிரியர். பெல் யோசித்தார். ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிறுவனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை அவனிடம் கொடுத்தார். பெரியவர்களால் ஆகாதது அந்தச் சிறுவனால் ஆயிற்று. தன்னைவிடச் சின்னவன் ஒருவன் எழுத்தை அடையாளம் கண்டுகொண்டால் அவனுக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் சின்னவனுக்கும் ஒட்டிக்கொண்டது.

பெல் 1797-இல் இலண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அது பரவியது. ஆனால் அங்கே போனதும் என்ன ஆயிற்று? ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்கார வைத்து, ஒற்றை ஆசிரியர் சம்பளத்தில் எல்லோருக்கும் படிப்புச் சொல்லிவிடலாம் என்ற சிக்கனக் கணக்குக்கு அது வசதியாகப் போயிற்று. சிறுவனின் சந்தோஷம் பின்னுக்குப் போய், செலவு எவ்வளவு குறையும் என்பது முன்னுக்கு வந்தது.

இந்தச் சிக்கனப் புத்தி அதோடு நிற்கவில்லை. 1862-இல் ராபர்ட் லோ என்பவர் இங்கிலாந்தில் ஒரு விதி கொண்டுவந்தார். ஆய்வாளர் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் சொல்வார், தேறியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்கு மானியம். பலனுக்கேற்ற மானியம் என்ற இந்த முறை பிறகு சென்னை ராஜதானிக்கும் வந்தது. கொஞ்சம் நின்று பார்த்தால் இதன் விளைவு புரியும். மெதுவாகப் படிக்கிற பிள்ளை அதுவரை வாத்தியாருக்கு ஒரு பிள்ளை. விதி வந்த பிறகு அவன் வாத்தியார் வயிற்றில் அடிக்கிற பிள்ளை. அவன்மேல் வரும் கோபத்தை வாத்தியார் எங்கே கொண்டுபோய் வைப்பார்? மானியப் பட்டியல் சரியாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கோபத்துக்குப் பட்டியலில் கட்டம் இல்லை.

இப்போது திருத்தணிக்காரரிடம் வருவோம். ராதாகிருஷ்ணன் எட்டு வயது வரை திருத்தணியில் படித்தார். 1896-இல் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளி, பிறகு வேலூர் வூர்ஹீஸ் கல்லூரி, அதன் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அக்கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. ஆக, அவர் படிப்பில் பெரும்பகுதி பாதிரிமார் நடத்திய நிறுவனங்களில்தான். அங்கே சில ஆசிரியர்கள் இந்து மதத்தைக் குறைத்துப் பேசியது தம் மனத்தைப் புண்படுத்தியது என்றும், அந்தப் புண்ணே தம் சமயத்தில் உயிருள்ளது எது, செத்துப்போனது எது என்று ஆராயத் தூண்டியது என்றும் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். தத்துவப் பாடத்தை அவர் எடுத்ததும் ஆசைப்பட்டு அல்ல. படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் பழைய பாடப்புத்தகங்களைக் கொடுத்தார், புத்தகச் செலவு மிச்சம் என்று எடுத்தார்.

வேண்டாவெறுப்பாக வந்த பாடம், மேலே மனத்தில் ஒரு காயம். இதோடு விட்டிருந்தால் அவர் எங்கேயாவது ஓர் உத்தியோகத்தில் அமர்ந்திருப்பார். மாற்றியது ஏ.ஜி. ஹாக் என்ற ஆசிரியர். வேதாந்தத்துக்கு ஒழுக்க நெறி கிடையாது என்று குற்றம் சாட்டியவர்களுக்குப் பதில் சொல்வது போல, எம்.ஏ. படிப்புக்காக ராதாகிருஷ்ணன் ஓர் ஆய்வுரை எழுதினார். அதைப் படித்தவர் ஹாக். அவரும் கிறிஸ்தவ இறையியலில் ஊறியவர்தான். மாணவன் எழுதியது அவருடைய நம்பிக்கைக்கு எதிர்த் தரப்பு. இருந்தும் தயக்கமில்லாமல் பாராட்டி எழுதிக் கொடுத்தார். 1908-இல் அது புத்தகமாக வந்தது. ஆசிரியருக்கு அப்போது வயது இருபது.

இந்தக் கதையைச் சிலர் வேறு விதமாகச் சொல்வார்கள். பார்த்தீர்களா, அவமானப்பட்டதால்தானே அவர் படித்து மேலே வந்தார், பிள்ளைகளைக் கொஞ்சம் குத்தினால்தான் ரோஷம் வரும் என்பார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. காயம் உரமாவது ஆயிரத்தில் ஒருவருக்கு. அவருக்கும் காயம் பட்ட அதே கல்லூரியில் மருந்து போட ஒரு ஹாக் இருந்தார். மருந்து கிடைக்காத மற்றவர்கள் படிப்பை வெறுத்துப் போயிருப்பார்கள். அவர்கள் பெயர் எந்தத் தபால் தலையிலும் வராது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். ஆசிரியரை 'முசே' என்போம். பிரெஞ்சுப் படிப்பில் சொல்வதெழுதுதல் பெரிய பூதம். ஐந்து பிழை விட்டால் பூஜ்யம் என்பது அந்நாட்டின் ஆரம்பப் படிப்புச் சான்றிதழ்த் தேர்விலேயே இருந்த வழக்கம்; எங்கள் வகுப்பிலும் அதே கணக்குதான். அந்த மொழியில் சில எழுத்துகளின் தலையில் சின்னக் கூரை போல ஒரு குறி உண்டு. அதை மறந்தால் ஒரு பிழை. ஓராண்டு முழுக்க அந்தக் கூரையைக் கண்டாலே வயிறு கலங்கும். மறு ஆண்டு வந்த முசே ஒரு காரியம் செய்தார். மருத்துவமனைக்கான பிரெஞ்சுச் சொல்லைப் பலகையில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஹாஸ்பிட்டல்' என்று எழுதினார். ஆங்கிலத்தில் இருக்கிற 'எஸ்' இங்கே எங்கே போயிற்று என்று கேட்டார். அந்த எழுத்து ஒரு காலத்தில் பிரெஞ்சிலும் இருந்தது, செத்துப்போய்விட்டது, அதன் சமாதிதான் இந்தக் கூரை என்றார். காட்டுக்கான சொல்லிலும் அப்படியே; ஆங்கிலத்தில் 'ஃபாரஸ்ட்', பிரெஞ்சில் எஸ் போய்க் கூரை நிற்கிறது. அன்று சாயங்காலமே நாங்கள் புத்தகம் முழுக்கச் சமாதி தேட ஆரம்பித்துவிட்டோம். மொழி அதேதான், குறியும் அதேதான். பயம் மட்டும் போயிருந்தது.

அந்த மொழியில் எழுதி 1957-இல் நோபல் பரிசு வாங்கியவர் ஆல்பெர் காம்யு. அல்ஜீரியாவில் பிறந்தவர். அப்பா முதல் உலகப் போரில் இறந்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா வீட்டு வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தினார். பையனை வேலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது பாட்டியின் முடிவு. லூயி ஜெர்மேன் என்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வீட்டுக்கே போய்ப் பாட்டியிடம் பேசினார். காசு வாங்காமல் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்து உபகாரச் சம்பளத் தேர்வுக்கு அனுப்பினார். பரிசு கிடைத்த சில வாரங்களில் காம்யு அந்த ஆசிரியருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். பரிசு விழா உரையைப் புத்தகமாகப் போட்டபோது அதை அவருக்கே காணிக்கையாக்கினார்.

நம் மாவட்டத்திலும் வீடு தேடிப் போன, ஊர் தேடிப் போன ஆசிரியர் உண்டு. மங்கலங்கிழார் பெயரை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் தெரியாது. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. கல்வியும் அலுவலகமும் தெலுங்கின் பக்கம் சாய்ந்திருந்த காலம். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியே கூச்சமாகிப் போகிற நிலை. தமிழாசிரியரான மங்கலங்கிழார் குருவராயப்பேட்டையில் இருந்துகொண்டு சுற்றுப்பட்டு ஊர்களில் சம்பளம் வாங்காமல் தமிழ் வகுப்பு நடத்தினார். அவர் பிள்ளைகளுக்கு இலக்கணம் மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. இது உன்னுடையது, இதைப் படிப்பதில் குறைவு ஒன்றும் இல்லை என்ற எண்ணத்தைக் கொடுத்தார். பிறகு ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டத்துக்கு வந்தபோது, ஏற்கெனவே உழுது வைத்த நிலம் போல ஊர்கள் தயாராக இருந்தன. மங்கலங்கிழார் 1953-இல் காலமானார். பட்டாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

அதே நியாயம் மறுபக்கத்துக்கும் பொருந்தும். பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ராதாகிருஷ்ணன் வீட்டு மொழியும் தெலுங்குதான். கும்மிடிப்பூண்டி முகாமில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் வளர்ந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த அந்தப் பிள்ளைகளுக்கு முகாம்களில் மாலை வகுப்பு எடுத்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே வளர்ந்த அக்காக்களும் அண்ணன்களும்தான். எழும்பூரில் பெல் கண்டுபிடித்ததை இவர்கள் புத்தகம் படிக்காமலே செய்தார்கள். சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்தும், மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. சூளைப் பிள்ளைகளுக்காக ஒடியா புத்தகங்களும் ஒடியா சொல்லிக்கொடுப்பவர்களும் அந்த மாநிலத்திலிருந்தே வரவழைக்கப்பட்டு, சூளைக்குப் பக்கத்திலேயே வகுப்பு நடந்தது நம் மாவட்டத்தில்தான். ஊர் பேர் தெரியாத இடத்தில் தன் மொழியில் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அந்தப் பிள்ளைக்கு அதுவே பாதிப் படிப்பு.

கடைசியாக, இந்தியா முழுவதும் பார்த்த சம்பவம். 2018 ஜூன் 20. பள்ளிப்பட்டு அருகே வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆங்கில ஆசிரியர் பகவானுக்கு அப்போது வயது 28. 2014-இல் முதல் வேலையாக அங்கே சேர்ந்தவர். ஆசிரியர்–மாணவர் விகிதப்படி உபரி என்று கணக்கிட்டு, அவரைத் திருத்தணி அருகே அருங்குளம் பள்ளிக்கு மாற்றினார்கள். விடைபெற வந்தவரைப் பிள்ளைகள் போக விடவில்லை. கையைப் பிடித்து இழுத்தார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள். அவரும் அழுதார். பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். மாறுதலைப் பத்து நாள் தள்ளி வைத்தார்கள். பாடத்தோடு கதையும் சொல்வார், வீட்டு நிலவரம் கேட்பார், திரையில் படம் போட்டுக் காட்டிப் பாடம் நடத்துவார் என்று பத்திரிகைகளில் வந்தது. கிராமத்துப் பிள்ளைகளை நடுங்க வைக்கிற பாடம் ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுத்தவருக்காகத்தான் அத்தனை பிள்ளைகளும் அழுதார்கள்.

இதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன் இன்னொரு வழியனுப்பு நடந்தது. 1921-இல் மைசூர் மகாராஜா கல்லூரியிலிருந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார் ராதாகிருஷ்ணன். மாணவர்கள் பூவால் அலங்கரித்த சாரட்டு வண்டியில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துப் போனார்கள். அது வேறு காலம், அவர்கள் கல்லூரி மாணவர்கள். வண்டியை இழுத்து அனுப்பி வைத்தார்கள். வெளியகரத்துப் பிள்ளைகள் சின்னவர்கள்; போகவே வேண்டாம் என்று பிடித்து இழுத்தார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்.

வெளியகரம் செய்தியைப் பார்த்துப் பலரும் கல்வித் துறையைத் திட்டினார்கள். நான் திட்டமாட்டேன். உபரிப் பட்டியல் எப்படித் தயாராகும் என்று எனக்குத் தெரியும். மாணவர் எண்ணிக்கை, அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணியில் சேர்ந்த தேதி. இளையவர் பெயர் கடைசியில் வரும், அவர் போவார். பட்டியல் போட்டவர் விதிப்படிதான் போட்டார். அருங்குளத்துப் பிள்ளைகளுக்கும் ஆங்கில ஆசிரியர் வேண்டும். அவர்களும் நம் பிள்ளைகள்தான். ஒரு பள்ளியின் அன்புக்காக இன்னொரு பள்ளியின் பணியிடத்தைக் காலியாக வைக்க முடியாது.

ஆனாலும் விதிக்குள்ளேயே செய்யக்கூடியவை இருக்கின்றன. இப்படிப்பட்ட மாறுதல்களை மே மாத விடுமுறையிலேயே முடித்துவிடலாம்; பள்ளி திறந்து, பிள்ளை புதுப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்த பிறகு ஆசிரியரைப் பிடுங்க வேண்டியதில்லை. போகிறவரும் வருகிறவரும் ஒரு வாரமாவது ஒரே வகுப்பில் இருந்து பிள்ளைகளைக் கைமாற்றிக் கொடுக்கலாம். நாங்கள் மேசை மாறும்போது கோப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைப்போம். பிள்ளைகளை ஒப்படைக்க அந்த வழக்கம்கூட இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்கிறது. மனம் என்ற ஒன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. அதைக் காயப்படுத்தக் கூடாது என்பது வரைக்கும் வந்திருக்கிறோம். அதை வளர்த்தவர் யார் என்று கேட்பது அடுத்த படி.

அந்தப் படியை அரசாங்கம் ஏறுகிறவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் எத்தனை மார்க் என்றுதான் நம்மில் பலர் கேட்கிறோம். எந்த டீச்சர் வகுப்பு என்றால் உனக்குப் பிடிக்கும், எந்த வகுப்புக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். பதில் உடனே வரும், காரணத்தோடு வரும். நல்ல பெயர் வந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது அந்த ஆசிரியரிடம் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள். குறை சொல்லப் போகிறவர்களைத்தான் அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். பயம் என்று பதில் வந்தால், அதையும் அங்கேயே, சண்டை போடாமல், பிள்ளையின் பெயரை இழுக்காமல் சொல்லுங்கள். பதிவேட்டில் கட்டம் இல்லாத கணக்கை வாய்வழியாகத்தான் தீர்க்க வேண்டும்.